முஸ்தபா, ராக், சின்னப்பா

அக்கா மகன் ஏழாவது படிக்கிறான். தீபாவளி லீவுக்குப் புதுக்கோட்டை வந்தவன், வந்த நாளிலிருந்து சோபாவின் ஒரு மூலையை வளைத்துப் போட்டுக்கொண்டான். மழை விடவில்லை. வெளியே போக வழியில்லாமல் ஒரு மத்தியானம் நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியில் 'ஜுமான்ஜி: வெல்கம் டு த ஜங்கிள்' தமிழ் பேசிக்கொண்டிருந்தது. மலை மாதிரி ஒரு மொட்டைத் தலையர் அணிலைப் பார்த்து அலறினார்.

"ராக்குதானே இது? இவன் எதுக்குடா பயப்படுறான்?" என்றேன்.

"மாமா, அது ராக் இல்ல. உள்ள இருக்கிறது ஒரு பையன். அவன் பயந்தாங்கொள்ளி. வெளிய மட்டும்தான் ராக்."

திரும்பாமலே சொன்னான். விமர்சகர்கள் பத்தி பத்தியாக எழுதியதை ஒரு வரியில் முடித்துவிட்டானே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை.

2017 டிசம்பரில் வந்த படம் அது. இயக்கம் ஜேக் காஸ்டன். பள்ளியில் தண்டனையாகப் பழைய பத்திரிகைகளில் பின்னைப் பிடுங்கிப்போடும் வேலை கிடைத்த நான்கு பிள்ளைகள், அந்த அறையில் கிடக்கும் ஒரு பழைய வீடியோ கேமை எடுத்து மாட்டுகிறார்கள். திரையில் பாத்திரங்களின் பெயர்கள் வருகின்றன. ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த நொடி கேம் அவர்களை உறிஞ்சிக்கொண்டு, காட்டுக்குள் வேறு உடம்பில் இறக்கிவிடுகிறது. ஒல்லிப் பையன் ஸ்பென்சர், 'ராக்' ட்வைன் ஜான்சனின் உடம்பில் டாக்டர் பிரேவ்ஸ்டோன் ஆகிறான். ஃபுட்பால் ஆடும் ஓங்குதாங்கான ஃபிரிட்ஜ், கெவின் ஹார்ட்டின் குள்ள உடம்பில் பிரேவ்ஸ்டோனுக்குப் பை தூக்குகிற ஆள். கூச்சக்காரி மார்த்தா, கேரன் கில்லனாக, நடனமாடியே அடித்து வீழ்த்துகிற ரூபி. கைப்பேசியில் தன் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத பெத்தனி, யாரோ அழகான பெண் பாத்திரம் என்று நம்பித் தேர்ந்தெடுத்தது ஜாக் பிளாக்கை. தொப்பையும் தாடியுமான வரைபடப் பேராசிரியரை.

பாத்திரம் தேர்ந்தெடுக்கும் அந்தக் காட்சி வந்ததும் எனக்குக் கீழ ராஜ வீதி ஞாபகம் வந்துவிட்டது. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் கோடு போட்ட மாதிரி வெட்டிய தெருக்கள் எங்கள் ஊருடையவை. கேமில் மூலையில் காட்டுகிற மேப் போலவே இருக்கும். அந்த நேர்க்கோட்டு வீதிகளில் ஒன்றிலிருந்து பிரிந்த சந்தில், என் பள்ளிக் காலத்தில், ஒரு கேம் கடை இருந்தது. பலகைத் தடுப்பு, அதற்குள் இருட்டு, இருட்டுக்குள் மூன்று பெட்டி. ஒரு ரூபாய் நாணயத்துக்கு ஓர் ஆட்டம். அதில் ஒரு பெட்டிக்குப் பெயர் முஸ்தபா.

உண்மையான பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பதும், ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993இல் வெளியிட்டது என்பதும் எனக்குத் தெரியவந்தபோது மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு அது முஸ்தபா. அவ்வளவுதான். சென்னையிலும் மதுரையிலும் வளர்ந்த நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். நாலு பேர் திரையில் நிற்பார்கள். ஜாக் எல்லாவற்றிலும் நடுத்தரம். ஹன்னா நுணுக்கக்காரி. மெஸ் முரடன், அடி இடி மாதிரி விழும், நடைதான் ஆமை. முஸ்தபா வேகம், ஓடிவந்து பறந்து ஒரு உதை விடுவான் பாருங்கள், அதற்காகவே அரைப் பரீட்சையைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. 'காதல் தேசம்' பாட்டால் அந்தப் பெயர் ஏற்கெனவே ஊர் வாயில் இருந்தது. நாலு பேரில் அவனைத்தான் எல்லாரும் அடித்துப் பிடித்து எடுத்தோம். எடுத்தவன் அரை மணி நேரத்துக்கு முஸ்தபா. அவன் அப்பா பெயர், ரேங்க் கார்டு, கிழிந்த டிரவுசர் எல்லாம் பலகைத் தடுப்புக்கு வெளியே நின்றுவிடும். ஹன்னாவை எடுத்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பதால் யாரும் எடுக்க மாட்டோம். பெத்தனி ஜாக் பிளாக்கின் உடம்புக்குள் போய் முழிக்கிறபோது எனக்கு வந்த சிரிப்பில் பாதி அந்தக் கடையின் சிரிப்பு.

படத்தில் பாத்திரங்கள் நெஞ்சைத் தொட்டால் காற்றில் ஒரு பட்டியல் விரியும். பலம் இன்னது, பலவீனம் இன்னது. பிரேவ்ஸ்டோனுக்குப் பலவீனம் கிடையாது. ஆளை உருக வைக்கும் பார்வைகூடப் பலத்தில் சேர்த்தி. கெவின் ஹார்ட்டுக்குப் பலவீனம் கேக். ஒரு வாய் தின்றதும் வெடித்துச் சிதறுவார். இதையும் நாங்கள் முன்பே பார்த்தவர்கள்தான். மல்யுத்த டிரம்ப் கார்டு என்று ஒன்று இருந்தது. உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், ரேங்க். ராக்கின் முகம் எனக்கு முதலில் அறிமுகமானது சினிமாவில் இல்லை, அந்தச் சீட்டில். அவரை வைத்திருக்கிறவன் வகுப்பில் பணக்காரன். அந்தச் சீட்டு நாயகனே ஒரு பயந்த பையனாக நடிக்கிறார் என்பதுதான் இந்தப் படத்தின் முழு லாபமும்.

நம் ஊரில் இது எளிதில் நடக்காது. நம் நாயகர்கள் அப்பாவியாக வருவார்கள். இடைவேளையில் அப்பாவித்தனம் வேஷம் என்று தெரியும், அதற்குள்ளே ஒரு பாட்ஷா இருப்பார். வெளியே சாது, உள்ளே சூரன். ஜுமான்ஜி இதைத் திருப்பிப் போடுகிறது. வெளியே சூரன், உள்ளே வீட்டுப்பாடம் எழுதுகிற பையன். ட்வைன் ஜான்சன் தன் புஜத்தைத் தானே தொட்டுப் பார்த்து ஆச்சரியப்படுகிறார். தன் உடம்பைக் கடன் வாங்கியது போல நடிக்க ஒரு பெரிய நட்சத்திரத்துக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 2019இல் வந்த அடுத்த பாகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ராக்கின் உடம்புக்குள் இந்த முறை டேனி டிவிட்டோ என்கிற முசுட்டுத் தாத்தா. கெவின் ஹார்ட்டின் உடம்புக்குள் டேனி குளோவர். பட்டாசாகப் பேசியே பெயர் வாங்கிய ஹார்ட், அதில் ஆற அமர, காது கேட்காத பெரியவர் திண்ணையில் கதை சொல்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவார். எதிரே ஆபத்து வந்து நிற்கும், இவர் முன்னுரையே முடித்திருக்க மாட்டார். எங்கள் வீட்டிலும் ஒரு சின்னத் தாத்தா இருந்தார். வீட்டில் தீப்பிடித்தது என்பதைச் சொல்லவே திருமயம் கோட்டை கட்டிய காலத்திலிருந்து ஆரம்பிப்பார்.

இந்தியாவில் இப்படிக் கேமும் வேறு உடம்பும் கலந்த கதையைப் பெரிய செலவில் எடுத்துப் பார்த்தது 'ரா.ஒன்'. 2011 தீபாவளி. இங்கே அந்தத் தீபாவளி 'வேலாயுத'த்துக்கும் 'ஏழாம் அறிவு'க்கும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தமிழிலும் டப்பிங் செய்து வந்தது என்றாலும் எங்கள் கூட்டத்தில் யாரும் போகவில்லை. நான் பிறகு டிவியில்தான் பார்த்தேன். பார்த்தபோது உறைத்தது, அதன் நாயகன் நம்மாள். லண்டனில் கேம் தயாரிக்கிற சேகர் சுப்பிரமணியம். நடித்தவர் ஷாருக் கான். சுருட்டை முடி விக், ஒரு மாதிரியான உச்சரிப்பு, நூடுல்ஸில் தயிரை ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிடுகிற பழக்கம். தயிர் நூடுல்ஸ்! எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. தயிருக்கு ஊறுகாய் வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் ஒருவர் எங்களைக் கிண்டல் செய்யக் கிளம்பலாமா? மெஸ், முஸ்தபா மாதிரி 'தமிழன்' என்று ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டார்கள். உள்ளே ஆள் இல்லை.

ஆனால் அனுபவ் சின்ஹா எடுத்த அந்தப் படத்துக்குள் ஒரு நல்ல கதை புதைந்து கிடக்கிறது. தோற்கவே தோற்காத வில்லன் வேண்டும் என்று மகன் பிரதீக் கேட்கிறான். அப்பா ரா.ஒன்னை உருவாக்குகிறார். ராவணன் என்று சேர்த்து வாசிக்கலாம். எதிரே நிற்கும் நாயகன் ஜி.ஒன், அதை ஜீவன் என்று வாசிக்க வேண்டும். வில்லனுக்குச் சொந்த முகமே கிடையாது, கண்ணில் பட்டவர் முகத்தை எடுத்துக்கொள்வான். விளம்பரப் பலகையில் பார்த்த ஒரு முகம்தான் கடைசியில் அர்ஜுன் ராம்பால். அந்த வில்லன் கேமை விட்டு வெளியே வந்து சேகரைக் கொல்கிறான். பிறகு ஜி.ஒன் வருகிறான், செத்துப்போன சேகரின் முகத்தோடு. மனைவி சோனியா, அதாவது கரீனா கபூர், பார்க்கிறாள். முகம் புருஷனுடையது. உள்ளே இருப்பது புரோகிராம்.

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் இது சாத்தனூரில் நடந்த கதை. பெரிய புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மாடு மேய்க்கிற மூலன் மேய்ச்சல் காட்டில் இறந்து கிடக்கிறான். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அவ்வழியே வந்த சிவயோகியார் மனம் பொறுக்காமல் தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் வால் தூக்கித் துள்ளுகின்றன. சாயங்காலம் அவற்றை ஊர் சேர்க்கிறார். மூலனின் மனைவி புருஷன் வந்துவிட்டான் என்று ஓடிவருகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகி நிற்கிறார். திரும்பிப் போய்ப் பார்த்தால், வைத்த இடத்தில் பழைய உடல் இல்லை. அப்புறம் அவர் திருமூலராகவே தங்கிவிட்டார், ஆண்டுக்கொரு பாட்டாக மூவாயிரம் ஆண்டு. ஜுமான்ஜியில் 1996இல் கேமுக்குள் போன அலெக்ஸ் என்கிற பையனும் இப்படித்தான், நிக் ஜோனஸின் உடம்பில் மாட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். சில மாதம் ஆனதாக நினைக்கிறான். வெளியே இருபது வருடம் ஓடியிருக்கிறது. கேம் கடையிலிருந்து வெளியே வந்து வெயிலைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்த உணர்வுதான்.

மூலனின் மனைவி அந்த ராத்திரியை எப்படிக் கழித்தாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சோனியாவுக்கும் அந்த ராத்திரி வந்திருக்க வேண்டும். 'ரா.ஒன்'னுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ரயிலை நிறுத்த வேண்டும், பாட்டுக்கு ஆட வேண்டும், ரஜினி சிட்டியாக ஒரு நிமிடம் தலைகாட்டிப் போக வேண்டும். அந்த ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தமிழில் 2019இல் அஸ்வின் சரவணன் எடுத்த 'கேம் ஓவர்' இருக்கிறது. டாப்ஸி கேம் வடிவமைப்பவராக வருவார். மூன்று லைஃப் கணக்கு அதிலும் உண்டு. ஆனால் அது பயப்பட வைக்கிற படம், சிரிக்க விடாது. நம்முடைய சிரிப்புக் கணக்கு 'அவ்வை சண்முகி'யில் இருக்கிறது. 1996. கமல் மாமி வேஷத்தில் நிற்கிறார், மாமி மேல் மையல் கொண்டு வழிகிறார் ஜெமினி கணேசன். ஜெமினி எங்கள் புதுக்கோட்டையில் பிறந்தவர். காதல் மன்னன் என்று பட்டம் வாங்கியவருக்கு வயதான காலத்தில் காதலிக்கக் கிடைத்தது ஒரு கூடு மட்டும். ஜாக் பிளாக்குக்குள் இருக்கிற பெத்தனி அலெக்ஸைப் பார்த்து உருகும்போது எனக்கு ஜெமினியின் அந்த முகம்தான் வந்தது.

ஊர்க்காரர் இன்னொருவர் இருக்கிறார். அவருக்காகத்தான் இந்தப் பத்தியையே ஆரம்பித்தேன் என்றும் சொல்லலாம். புதுக்கோட்டை உலகநாதபிள்ளை சின்னப்பா. 1916இல் பிறந்தவர். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். பாட்டும் வரும், சிலம்பமும் குஸ்தியும் வரும். 1940இல் வந்த 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம் போட்டார். தமிழில் அதுதான் முதல் இரட்டை வேடம் என்பார்கள். சம்பாதித்ததையெல்லாம் ஊரில் வீடுகளாக வாங்கிக்கொண்டே போனாராம், இனிமேல் வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடுத்ததாம். உண்மையோ பொய்யோ, எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. 1951இல் முப்பத்தைந்து வயதில் போய்விட்டார்.

1944இல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரு கச்சேரி. மேடையில் ஐந்து பேர். பாடுகிறவர் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா. கம்ப்யூட்டர் இல்லாத காலம். லென்ஸில் ஒரு பக்கத்தை மூடி எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, எடுத்ததை மூடி, முன்பு மூடியதைத் திறந்து திரும்ப எடுக்கிற தந்திரம்தான் அன்று கையில் இருந்தது. துளி நகர்ந்தால் எல்லாம் பாழ். அதில் பாட்டுக்காரரின் மிதப்பும் பக்கவாத்தியக்காரரின் மிதப்பும் வேறு வேறாக இருக்க வேண்டும். இருக்கும்.

விளம்பர இடைவேளையில் கைப்பேசியில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்து அக்கா மகனிடம் நீட்டினேன். கறுப்பு வெள்ளை என்றதும் முகத்தைச் சுளித்தான். பிறகு கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டான். ஒருமுறை பின்னால் தள்ளிப் பார்த்தான்.

"மாமா, இதுல யாரு ஒரிஜினல்?"

"அஞ்சும் அவர்தாண்டா."

"இல்ல மாமா. இதுக்கெல்லாம் உள்ள இருந்து ஆடுறது யாருன்னு கேக்குறேன்."

எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் ஜுமான்ஜி திரும்பிவிட்டது. கைப்பேசியை என் மடியில் போட்டுவிட்டு அவன் மூலைக்குப் போனான். மடியில் ஐந்து சின்னப்பாக்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் பதினொரு சதவீதம்.