வளர்த்த நாயைத் தெருவில் விடாதீர்கள்



உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னை மாநகராட்சி அறிவித்தது. நவம்பரில் முடிய வேண்டிய கெடு டிசம்பர் வரை நீண்டது. அதுவரை உரிமத்தைப் பற்றி யோசித்தே பார்க்காத வீடுகளும் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை என்று மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகளைத் தேடிப் போயின. இந்த நடவடிக்கையை நாங்கள் மனமார வரவேற்கிறோம். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோதே இது வந்திருக்க வேண்டும். ஆனால் மாநகராட்சி கேட்டது ஒரு தடுப்பூசிச் சான்று, ஓர் உரிமம், ஒரு மைக்ரோசிப் மட்டும்தான். அதைச் செய்ய மனமில்லாமல் நாயையே கொண்டுபோய் எங்கேயாவது இறக்கிவிட்டு வருகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கடற்கரையோரம், புறவழிச்சாலை, கோயில் வாசல், மீன் மார்க்கெட் என்று அவர்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் ஊருக்கே தெரியும். அபராத அறிவிப்புக்கு முன்பும் இது நடந்ததுதான். இனி இது கூடும் என்று அஞ்சுவதால்தான், நாய் வளர்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, நாய் வளர்க்கும் மற்றவர்களுக்கு இதை எழுதுகிறோம்.

“தெருவில் எத்தனையோ நாய் பிழைக்கிறது, இதுவும் பிழைத்துக்கொள்ளும்” என்பதுதான் விடுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம். அது உண்மை இல்லை. கைவிடப்பட்ட நாயைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம். பல வருடம் பெல்ட் கிடந்த கழுத்தில் முடி தேய்ந்து ஒரு வளையம் தெரியும். குப்பைத்தொட்டியைக் கிளறத் தெரியாது. இறக்கிவிட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. கார் ஏதாவது வேகம் குறைத்தால் எழுந்து ஓடிப்போய்க் கதவோரம் முகர்ந்து பார்க்கும். தெரு நாய்களுக்கு எல்லை உண்டு, கூட்டம் உண்டு, எந்த டீக்கடையில் எப்போது பிஸ்கட் விழும் என்ற கணக்கு உண்டு. புதிதாக வந்த வீட்டு நாயை அந்தக் கூட்டம் சேர்த்துக்கொள்ளாது, கடித்து விரட்டும். விரட்டினால் ஓடும் திசையில் வண்டி வருகிறதா என்று பார்க்கவும் இதற்குப் பழக்கமில்லை. உண்ணி மொய்த்து, காது புண்ணாகி, சில வாரங்களுக்குள் எலும்பும் தோலுமாகிவிடும். பனிப் பிரதேசத்துக்கென்று இரட்டை அடுக்கு முடியோடு உருவான ஹஸ்கியைச் சென்னை வெயிலில் ஏ.சி. அறையில் வைத்து வளர்த்துவிட்டு, அலுத்ததும் நடுரோட்டில் விடுவது சித்திரவதை. அதை வேறு எந்தச் சொல்லாலும் மழுப்ப நாங்கள் தயாராக இல்லை.

நாயின் மேல் இரக்கம் இல்லாதவர்கள் மனிதர்களையாவது நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டில் சுமார் 4.41 லட்சம் பேரை நாய் கடித்தது. வெறிநாய்க்கடியால் 18 பேர் இறந்தார்கள். 2024இல் கடிபட்டவர்கள் சுமார் 4.80 லட்சம், இறந்தவர்கள் 43. ஒரே வருடத்தில் சாவு இரண்டு மடங்குக்கும் மேல். நாடு முழுவதும் 2024இல் பதிவான நாய்க்கடி 37 லட்சத்துக்கும் அதிகம். உலகில் வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்தியாவில். இறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தெரிந்தபிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியாகவே வருகிறது. அதே சமயம், ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பதும் நிரூபணமானது. மூன்று மாதக் குட்டியில் தொடங்கி வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டிய அந்த ஊசியைப் போட ஆள் இருக்கும் நாய்கள் நம் வீட்டு நாய்கள்தான். நீங்கள் அதைத் தெருவில் விட்ட அடுத்த வருடமே அந்தப் பாதுகாப்பு காலாவதியாகிவிடுகிறது. ஊசியே போடாமல் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் இருக்கும் நாய் யாரையாவது கடித்தால் பத்து நாள் கண்காணித்து, நாய் நலமாக இருக்கிறதா என்று மருத்துவருக்குச் சொல்ல முடியும். தெருவில் விட்ட நாய் கடித்தால் எந்த ஊசி போட்டிருந்தது, எப்போது போட்டது, இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? கடிபட்ட குழந்தையின் பெற்றோர்தான் அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டும்.

தெரு நாய்ப் பெருக்கத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களும் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள்தான். 2018 கணக்கெடுப்பில் சென்னையின் தெரு நாய்கள் அறுபதாயிரத்துக்கும் குறைவு. 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.81 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும், வருடத்துக்கு இரண்டு முறைகூட ஈனும். கருத்தடை செய்யாத ஒரு வீட்டு நாயைத் தெருவில் விடுகிறவர் அந்த 1.81 லட்சத்தோடு ஒன்றை மட்டும் சேர்ப்பதாக நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாயின் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை எல்லாவற்றையும் உரிமையாளரின் பொறுப்பு என்கின்றன. தெரு நாய்க்கு அதைச் செய்வது உள்ளாட்சியின் வேலை. நம் பொறுப்பை நாம் உதறும்போது அது மாநகராட்சியின் தலையில், அதாவது ஊரார் கட்டும் வரிப்பணத்தின் தலையில் விழுகிறது. பிடித்து, அறுவை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் அந்த விதிகள் சொல்லும் நடைமுறை. ஆக, நீங்கள் கைவிட்ட நாய்க்கு நல்லது நடந்தால்கூட, நீங்கள் கைவிட்ட அதே இடத்துக்குத்தான் அது திரும்பி வரும். ஒரு பக்கம் மாநகராட்சி கருத்தடை செய்துகொண்டே போக, மறுபக்கம் நாம் வீட்டு நாய்களைத் தெருவில் சேர்த்துக்கொண்டே போவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இதில் எங்களுக்கு மிகுந்த ஆத்திரம் தருவது சட்டத்தின் கணக்கு. விலங்குகளைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். பல பத்தாண்டுகளாக இதே தொகைதான். இதைத் திருத்த 2022இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு சட்டமாகவில்லை. நாய் உரிமத்துக்கான கட்டணமும் 50 ரூபாய். உரிமம் இல்லாமல் நாயை வீட்டில் வைத்திருந்தால் 5,000 ரூபாய். அப்படியானால் உரிமம் எடுக்காதவர் நாயை வீட்டில் வைத்திருப்பதைவிடத் தெருவில் விடுவதே அவருக்கு மலிவு என்றாகிறது. நாய் வைத்திருப்பவரை மட்டும் பிடிக்கும் அபராதம் கைவிடுகிறவரைத் தப்பவிடும் என்பதை மாநகராட்சி உணர வேண்டும். இதற்கு இப்போது கையில் இருக்கும் ஒரே மாற்று மைக்ரோசிப். அரிசி அளவே உள்ள அந்தச் சிப் நாயின் தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் இருக்கும். கருவியைக் காட்டினால் எண் வரும், எண்ணிலிருந்து உரிமையாளர் பெயரும் முகவரியும் வரும். தெருவில் பிடிபடும் ஒவ்வொரு நாயையும் அந்தக் கருவியால் சோதிக்க வேண்டும். முகவரி கிடைத்தால் உரிமையாளரை அழைத்து விசாரிக்க வேண்டும். தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு சொல்கிறது. நாயை இறக்கிவிட்டு வந்தால் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

எங்களுக்கு வரும் பதில்களும் தெரியும். “லட்சக்கணக்கான தெரு நாய்களை விட்டுவிட்டு எங்கள் நாய்க்கு எதற்கு லைசென்ஸ்?” என்று கேட்கிறார்கள். தெரு நாய் விஷயத்தில் மாநகராட்சியின் வேகம் போதாது என்பதில் எங்களுக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதன் தாமதம் நம் தவறுக்கு உரிமம் ஆகாது. “வீட்டைவிட்டே போகாத நாய்க்கு ஊசி எதற்கு?” என்பார்கள். காலையும் மாலையும் வாக்கிங் போகாத நாய் எத்தனை? தவிர, பண்டிகை வெடிச் சத்தத்தில் மிரண்டு வாசல் தாண்டி ஓடிய நாய்கள் எத்தனை வீடுகளில் திரும்பவே இல்லை! செலவைக் காட்டுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது: பல ஆயிரம் கொடுத்துக் குட்டி வாங்கிய வீடு வருடத்துக்கு ஓர் ஊசிக்குக் கணக்குப் பார்ப்பது ஏற்கக்கூடியதல்ல. உண்மையிலேயே வசதி இல்லாதவர்களுக்கு அரசுக் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன, வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஒரு காரணம் மட்டும் அனுதாபத்தோடு கேட்க வேண்டியது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், அசோசியேஷனில் தீர்மானம் போட்டுவிட்டார்கள், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று கண்ணீரோடு நாயை விடுகிறவர்கள் உண்டு. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை முடிவாகவே இருந்தாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. சங்க நிர்வாகிகளுக்கு நாங்கள் நேராகவே சொல்கிறோம்: உரிமமும் ஊசியும் இருக்கிறதா, கயிறு கட்டி அழைத்துப் போகிறார்களா, அசிங்கம் செய்தால் அள்ளுகிறார்களா என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. நாயை வெளியேற்று என்று நெருக்கினால், உங்கள் காம்பவுண்டுக்குள் ஊசி போட்டு இருந்த நாய் நாளைக்கு உங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் தெருவில் ஊசி இல்லாமல் நிற்கும். மாற்றல் வாங்கிப் போகிறவர்களோ, விடுவதற்கு முன் உறவினர், நண்பர், அந்த நாய்க்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர், தத்துக் கொடுக்க உதவும் தன்னார்வலர்கள் என்று எல்லாக் கதவையும் தட்டுங்கள். ரயிலில் நாயைக் கொண்டுபோக வழி உண்டு. வேறு வீடு கிடைக்க இரண்டு மாதம் ஆகலாம், ஆகட்டும்.

நாய் கடிக்கிறது, அடங்கவில்லை, வளர்ந்து பெரிதாகிவிட்டது என்பவர்கள் வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். காவலுக்கென்று ராஜபாளையம், ஓட்டத்துக்கென்று சிப்பிப்பாறை, கௌரவத்துக்கென்று வெளிநாட்டு இனம் என்று பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் குட்டி வாங்கித் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து வருடம். பரீட்சை, கல்யாணம், வேலை மாற்றம், முதியோர் உடல்நலக்குறைவு எல்லாம் அந்தப் பதினைந்து வருடத்துக்குள் வரத்தான் செய்யும். அதற்கெல்லாம் தயாராக இல்லாத வீடு நாய் வாங்க வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டு விதிகளுக்கு விரோதம். அப்படி விற்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

உரிமம் இன்னும் எடுக்காதவர்கள் இந்த வாரமே எடுங்கள். பெட்டை, ஆண் என்று பார்க்காமல் கருத்தடை செய்யுங்கள். சிப் போடுங்கள். நாய் வளர்க்காதவர்கள், யாராவது காரிலிருந்து நாயை இறக்கிவிட்டுப் போவதைக் கண்டால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913 எண்ணிலும் காவல் நிலையத்திலும் புகார் சொல்லுங்கள். நாங்களும் சொல்லப்போகிறோம். அவர் எங்கள் பூங்காவில் தினமும் நாயோடு நடக்கிறவரா, எங்கள் அடுக்குமாடியிலேயே குடியிருக்கிறவரா என்று பார்க்க மாட்டோம்.

நாய் வளர்க்கும் சென்னைக் குடும்பங்கள் சார்பில்