மடங்கும் இறக்கை, கரையும் துத்தநாகம்
பாய்மரப் படகுக்கான மடங்கும் புரொப்பெல்லர் விளம்பரங்களைப் படித்தால் எல்லாவற்றிலும் வேகம்தான் பேச்சு. நியாயமான ஆசை, பாய் விரித்து ஓடும்போது மடங்காமல் விறைத்து நிற்கும் மூன்று இறக்கைகளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவது வீண் பாரம். எஞ்சினை அணைத்து கியரை ரிவர்ஸில் விட்டால் தண்டு நின்றுவிடும், ஓடும் தண்ணீரே இறக்கைகளைத் தாமரை மொட்டுபோல் கூப்பிவிடும். மறுபடி சுழன்றால் மையவிலக்கு விசையில் விரியும். என் கவலையெல்லாம் இறக்கைகள் மடங்கும் கீல்களைப் பற்றியது. இறக்கைகளின் அடியில் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் பற்களுக்கிடையே கொட்டலசு ஒட்டி வளர்ந்தால் விரிப்பு பாதியில் நின்றுவிடும். அது தெரியவருவது, பெரும்பாலும், துறைக்குள் நுழைந்து படகை நிறுத்த ரிவர்ஸ் போடும் நொடியில்தான். கூடவே புரொப்பெல்லரில் இருக்கும் துத்தநாகக் கட்டி. தான் கரைந்து இறக்கைகளின் வெண்கலத்தை அரிப்பிலிருந்து காப்பது அது. பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும். புரொப்பெல்லருக்கு அவ்வளவு செலவழித்தவர்கள் இந்தச் சிறு துண்டை அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. படகைக் கரையேற்றியதும், பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன், இறக்கையைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். கீல் ஊசி தேய்ந்து ஆட்டம் கூடியிருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும்.