கருவி நமக்கா, நாம் கருவிக்கா?

பில் ஜாய் 1976-இல் எழுதிய வி.ஐ. எடிட்டரின் வழியில், பிராம் மூலனார் 1991-இல் விம் எடிட்டரை வெளியிட்டார். நிரல் எழுதும் மாணவருக்கு இன்றும் அது பேனாவைப் போன்றது.

அதனோடு பிளகின்களே சேர்க்கக்கூடாது என்று நான் வாதிடவில்லை. கோப்பைத் தேட ஒன்று, பிழையைச் சுட்ட ஒன்று. இவை உழைப்பைக் குறைப்பவை. ஆனால் நடப்பது என்ன? முதலாண்டு மாணவர் மூத்தவரின் விம்ஆர்சி கோப்பை அப்படியே படியெடுக்கிறார். நாற்பது பிளகின்கள் ஒரே நாளில் குடியேறுகின்றன. எது எதற்கென்று பெற்றவருக்குத் தெரியாது. கொடுத்தவருக்கோ மறந்து போயிற்று!

பிறகு துறையின் பொதுக் கணினிக்குள் நுழைகிறார். அங்கே இருப்பது வெறும் விம். ஒரு சொல்லை அழிக்க டி, டபிள்யூ என்ற இரண்டே எழுத்துகள் போதும் என்பதைக்கூட அறியாமல் திகைக்கிறார். ஆய்வு நேரம் கரைகிறது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். பிளகின் பிறர் எழுதிய நிரல். நம் கோப்புகளைத் தொட நமக்குள்ள உரிமை அதற்கும் உண்டு. அறியாதவரிடம் அறைச் சாவியைக் கொடுப்போமா?

முதலில் விம்டியூட்டரில் அரைமணி நேரம் செலவிடுங்கள். சில வாரம் வெறும் விம்மில் எழுதுங்கள். குறை எங்கே உறுத்துகிறதோ, அங்கே ஒரு பிளகின் சேருங்கள். 2016-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல், பேக் என்னும் அடைவில் வைத்தாலே விம் அதை ஏற்றுக்கொள்ளும். தனி மேலாளர் தேவையில்லை.

மூத்த மாணவர்களே, ஊர் விட்டு வந்த இளையவருக்குக் கோப்பைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து கற்றுக் கொடுங்கள்.