புதையல் காக்கும் குள்ளப் பூதம்

தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள் கிடக்கின்றன. 1690-ல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய கோட்டை அது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலம் கம்பெனிக்கே என்பது பேரம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அந்த அநியாயத்துக்குச் சாட்சி. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டான்.

இடிந்த கோட்டை என்றால் நம் நாட்டில் கூடவே ஒரு கதையும் வரும். அடியில் புதையல் இருக்கிறதாம். அதைக் காக்க முழ உயரத்தில், பானை வயிற்றோடு ஒரு பூதம் இருக்கிறதாம்! குறளி என்பார் சிலர். குட்டிச்சாத்தான் என்பார் சிலர். பலி கொடுத்தால் வழி விடுமாம்.

கோட்டையில் இருந்த செல்வம் எது? தென்னாற்காட்டு நெசவாளி நெய்த துணி. அது பூதத்தின் கண்ணெதிரே கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டது. பூதம் ஏன் தடுக்கவில்லை?

கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் நாம் சிரிக்கப் போவதில்லை. நம்புகிறவன் நம்மவன், அவன் முட்டாளும் அல்ல.

மாலினோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1915 முதல் 1918 வரை பசிபிக் கடலில் டிரோபிரியாந்து தீவு மீனவர்களிடையே இருந்து பார்த்தார். ஆபத்தில்லாத உப்பங்கழி மீன்பிடிப்புக்கு அவர்களிடம் மந்திரமே இல்லை. ஆழ்கடலுக்குப் புறப்பட்டால் மட்டும் மந்திரத்துக்குக் குறைவில்லை. போனவன் திரும்புவானா என்ற நிச்சயமின்மைதான் காரணம். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலையைக் கண்ட தேவனாம்பட்டினத்தாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியிலும் இதே கதைதான். அங்கே வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவகைத் தாதுவை உருக்கினால் வெள்ளி வராது, நச்சுப் புகைதான் வரும். உடல் கெடும். 'கோபோல்ட்' என்ற குள்ளப் பேய் வெள்ளியைத் திருடிக்கொண்டு நஞ்சை வைத்துவிட்டது என்றார்கள். 1735 வாக்கில் ஸ்வீடன் நாட்டு பிராந்து அந்தத் தாதுவிலிருந்து புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தார். பேயின் பெயரே அதற்கு நிலைத்தது: கோபால்ட். புகை, தாதுவில் இருந்த ஆர்சனிக். வியாதி மெய், பேய்தான் பொய்.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் நமக்கு முக்கியம். கண்ணெதிரே ஒருவன் நாலே வருஷத்தில் மாடி வீடும் அரிசி ஆலையும் கட்டுகிறான். எப்படி வந்தது பணம்? "குட்டிச்சாத்தான் வைத்திருக்கிறான்" என்கிறது ஊர். அளவு மரக்காலை அவன் எப்படிப் பிடித்தான், கூலியில் எவ்வளவு குறைத்தான், வட்டியை எப்படி ஏற்றினான் என்று யாரும் கேட்பதில்லை. குட்டிச்சாத்தானைவிட நல்ல கணக்கப்பிள்ளை அந்த முதலாளிக்குக் கிடைப்பானா?

மந்திரவாதியின் வரும்படி தனி. தாலிக்குண்டுமணியை அடகு வைத்துப் பூசைக்குக் கொடுத்து ஏமாந்தவன் போலீசுக்கும் போக மாட்டான், வெட்கம்.

பணத்தோடும் இது நிற்பதில்லை. மேலூர் பக்கம் கிரானைட் குவாரிக்காக நரபலி கொடுத்தார்கள் என்ற புகாரின் பேரில் 2015 செப்டம்பரில் மயானத்தையே தோண்டினார்கள். எலும்புகளை எடுக்குமுன் யாரும் கலைத்துவிடக் கூடாதென்று சட்ட ஆணையர் சகாயம் இரவு அங்கேயே தங்கினார். மராட்டிய மாநிலத்தில் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே, 2013-ல், நரபலிக்கும் பில்லிசூனியத்துக்கும் எதிரான சட்டம் வந்தது. கர்நாடகம் 2017-ல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

மண்வெட்டியில் மெய்யாகவே ஒரு பானை தட்டுப்பட்டால் என்ன செய்வது என்று கேட்கும் விவசாயத் தோழருக்கு: 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவனுக்குப் பங்கு, நிலத்துக்காரனுக்குப் பங்கு என்று அதில் பேச்சு இருக்கிறது. பூதத்துக்கும் மந்திரவாதிக்கும் பங்கு எழுதியிருக்கவில்லை.