களிமண் உருண்டையை எங்கே ஒட்டுவது?

தனி ஊசலின் அலைவு நேரம் குண்டின் நிறையைப் பொறுத்தது அல்ல. பிளஸ் டூ பையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நானும் ஆண்டுதோறும் போர்டில் எழுதிப்போட்ட வாக்கியம்தான். அதில் பிழை ஏதுமில்லை. அதோடு பாடத்தை மூடிவிடுகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நூலுக்கு எடை இல்லை, குண்டு வெறும் புள்ளி என்று வைத்துக்கொண்டால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். சுவர்க் கடிகாரத்து ஊசலோ, ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையோ புள்ளி அல்ல. அங்கே நிறை எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

ஒரு மீட்டர் மரஸ்கேலின் முனையில் துளையிட்டு ஆணியில் மாட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு மீட்டர் நூலில் குண்டு. நூல்குண்டு 20 அலைவுக்குச் சுமார் 40 வினாடி எடுக்கும். ஸ்கேல் 33 வினாடிக்குள் முடித்துவிடும். காரணம் எளிது. ஆணிக்கு அருகே உள்ள மரம் குட்டை ஊசல்போல வேகமாக ஆடப் பார்க்கிறது, அடிமுனை நெட்டை ஊசல்போல நிதானமாக. ஒரே மரத்துண்டு என்பதால் இரண்டும் ஏதோ ஓரிடத்தில் சமரசத்துக்கு வந்தாக வேண்டும். வந்து நிற்கும் இடம் ஆணியிலிருந்து சுமார் 67 சென்டிமீட்டர்.

இனி ஒரு களிமண் உருண்டை. அடிமுனையில் ஒட்டினால் ஸ்கேல் மெதுவாக ஆடும். மேலிருந்து 33 சென்டிமீட்டரில் ஒட்டினால் வேகமாக ஆடும். 67-ல் ஒட்டினால்? ஒட்டியதே தெரியாததுபோல் பழைய நேரத்திலேயே ஆடும். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் ஸ்டாப்வாட்ச்சைச் சந்தேகிப்பார்கள், சந்தேகிக்கட்டும், நல்லதுதான்.

லண்டன் பிக் பென் கடிகாரத்தைச் சரிசெய்வதும் இப்படித்தான். 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த ஊசலில், குண்டுக்கு மேலே ஒரு பழைய பென்னி நாணயத்தை வைத்தால் கடிகாரம் நாளுக்கு சுமார் 0.4 வினாடி முந்தும். எடுத்தால் அவ்வளவு பிந்தும்.

ஹைகன்ஸ் 1673-ல் அச்சிட்ட நூலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. ஆடும் பொருளை அந்தச் சமரசப் புள்ளியில் தொங்கவிட்டு ஆட்டினாலும் அதே அலைவு நேரம் வரும் என்று அவர் காட்டினார். ஸ்கேலில் 67-ல் துளைபோட்டுப் பாருங்கள், அதே 33 வினாடிதான். இதை வைத்துத்தான் ஹென்றி கேட்டர் 1817 வாக்கில் இருபுறமும் மாட்டக்கூடிய ஊசலைச் செய்து புவியீர்ப்பை அளந்தார். அவர் அதற்குமுன் சென்னை ராஜதானியில் லாம்டனின் நிலஅளவைப் பணியில் உழைத்த ராணுவ அதிகாரி. மதராஸ் வான் ஆய்வகத்தில் கோல்டிங்ஹாம் ஊசல் சோதனைகள் செய்தது 1821-ல். நம் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துபோன விஷயம், நம் பள்ளி லேபுக்குள் வரவில்லை.

கல்லூரியில் கூட்டு ஊசல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; துளைபோட்ட இரும்புப் பட்டை, கத்தி முனை, இரட்டை வளைவு கிராஃப். சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து ரீடிங்கும் கைமாறி வந்துவிடும். வளைவு அழகாக இருக்கும், ஏன் வளைகிறது என்று கேட்டால் வைவாவில் மௌனம்.

பிளஸ் ஒன்னிலேயே இதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை. தேவை ஒரு ஸ்கேல், ஓர் ஆணி, கொஞ்சம் களிமண், யாருடைய செல்போனாவது. செய்முறைத் தேர்வில் களிமண்ணைக் கையில் கொடுத்து, அலைவு நேரம் மாறாதபடி ஒட்டச் சொல்லுங்கள். இதற்கு மார்க் போடுவது எப்படி என்று எக்ஸ்டர்னல்கள் கவலைப்பட வேண்டாம். 20 அலைவு எண்ணினால் போதும்.