பற்று நோட்டும் பத்து நிமிடச் செயலியும்

மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளம் கைக்கு வந்ததும், கூடுவாஞ்சேரியிலும் செங்கல்பட்டிலும் கேளம்பாக்கத்திலும் உள்ள நம் குடும்பங்களில் பல, பெருங்கடைக்குச் சென்று ரொக்கம் கொடுத்து எண்ணெயும் பருப்பும் வாங்கி வருகின்றன. இருபதாம் தேதிக்குப் பின் கை வறண்டதும், தெருமுனையில் உள்ள பாய் கடையிலோ அண்ணாச்சி கடையிலோ நின்று, “நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்” என்கின்றன. ரொக்கம் ஓரிடம், கடன் வேறிடம். இந்த வழக்கத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

வீட்டருகே எந்நேரமும் திறந்திருக்கும் சிறு கடை என்னும் வணிகத்தை உலகளவில் பெரிதாக்கியது செவன் இலெவன் நிறுவனம். 1927இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், பனிக்கட்டி விற்ற நிலையமொன்றில் பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து விற்றதில் தொடங்கிய அதற்கு இன்று 80,000க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. சிங்கப்பூரில் நம் தமிழ் முஸ்லிம்கள் பலர் நடத்திவந்த ‘மாமா கடை’கள் அதனோடும் அதைப் போன்ற பிற தொடர்களோடும் போட்டியிட்டு எண்ணிக்கையில் தேய்ந்துபோயின. இந்தியாவில் அதன் முதல் கடையை ரிலையன்ஸ் 2021 அக்டோபரில் மும்பையில் திறந்தது. ஆயினும் நம் பகுதியில் அவ்வகைக் கடைக்குப் பெரிய தேவை எழவில்லை. ஃபஜ்ர் தொழுது திரும்பும்போதே திறந்திருந்து, அரை லிட்டர் பாலும் ஐந்து ரூபாய்க் காப்பித்தூள் பொட்டலமும் தரும் வேலையைத் தெருக்கடை முன்பே செய்துகொண்டிருந்தது.

போட்டி வேறு இரு வழிகளில் வந்தது. முதலாவது, டிமார்ட் போன்ற பெருங்கடைகள். 2025 மார்ச்சில் டிமார்ட்டுக்கு நாடெங்கும் 415 கடைகள் இருந்தன. மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. சரக்கு தருபவருக்கு விரைந்து பணம் கொடுத்துத் தள்ளுபடி பெறுகிறது. பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் இயங்குவதால் வாடகைச் சுமையும் குறைவு. இது திறமை, இதில் குறைகூற ஏதுமில்லை. எடை சரியாக இருக்கிறது, காலாவதித் தேதி கண்ணுக்குத் தெரிகிறது. நம் தெருக்கடைக்காரர் சிலர் இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது வழி நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் முதலிய செயலிகள், மக்கள் நுழையும் முகப்பே இல்லாத கிடங்குகளிலிருந்து பத்து இருபது நிமிடங்களில் பொருளைக் கொண்டுவருகின்றன. முதலீட்டாளர் பணத்தைக் கொண்டு அடக்கவிலைக்கும் கீழே விற்கின்றன என்று அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் ஆதிக்க நிறுவனம் அடக்கவிலைக்குக் கீழே விற்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடைசெய்கிறது.

மதீனாவின் சந்தையிலும் இக்கேள்வி எழுந்தது. உலர்ந்த திராட்சையை மலிவாக விற்றுக்கொண்டிருந்த ஹாத்திப் (ரலி) அவர்களிடம், விலையை உயர்த்துங்கள் அல்லது சந்தையை விட்டு எழுந்து செல்லுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) கூறியதாக இமாம் மாலிக் பதிவு செய்திருக்கிறார். பின்னர் உமர் (ரலி) அவர் வீட்டுக்கே சென்று அதைத் திரும்பப் பெற்றதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. ஆகவே மலிவாக விற்பதே குற்றம் என நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. சந்தையில் உள்ள மற்றவர்களின் பிழைப்பையும் அன்றே எண்ணிப் பார்த்தார்கள் என்பதையே சொல்கிறோம்.

மலிவு விலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் திருவான்மியூரில் 1997இல் முதல் கடையைத் திறந்த சுபிக்ஷா, 2008க்குள் 1,600 கடைகளாகப் பெருகியது. 2009இன் தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. ஊழியருக்குச் சம்பளமும் கட்டட உரிமையாளருக்கு வாடகையும் நின்றுபோயின.

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை; கைப்பேசிகள் அணைந்துகிடந்தன. கடைக்காரர் பாதிக் கதவைத் திறந்து, மெழுகுவத்தியையும் ரொட்டியையும் பெயர் எழுதிக்கொண்டு கொடுத்தார். வட்டியில்லை, பிணையில்லை. வங்கியின் வட்டிக்கு அஞ்சுகிற நமக்குக் கிடைத்திருக்கும் இந்த அழகிய கடனை நாம் கடனாகவே மதிப்பதில்லை. அந்த நோட்டில் நிற்கும் பணத்துக்கு அவர் மொத்த வியாபாரியிடம் பதில் சொல்ல வேண்டும். வசதியிருந்தும் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்பது நபிமொழி. பெருங்கடையில் மூவாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, தெருக்கடையின் முந்நூறு ரூபாயை அடுத்த மாதத்துக்குத் தள்ளுபவருக்கு வசதி இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வார்த்தை. ரமளானில் ஏழைகளுக்கு வழங்கும் மளிகைப் பைகளை, சில ரூபாய் கூடினாலும், மஹல்லாவின் நான்கைந்து கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்து வாங்கலாம். பைத்துல்மால் உள்ள ஊர்களில், சிறு கடைக்காரர் மொத்தமாகச் சரக்கெடுக்க வட்டியில்லா முதல் தரலாம். ஐந்து கடைக்காரர் சேர்ந்து ஒரே லாரியில் சரக்கு இறக்கினால், பெருங்கடையின் விலைக்குச் சற்றேனும் நெருங்க முடியும்.

இதை எழுதும் நம் வீட்டுப் பெயரிலும் தெருக்கடை நோட்டில் சென்ற மாத நிலுவை 1,840 ரூபாய் நிற்கிறது. இன்று மஃரிபுக்குப் பின் கொடுக்கச் செல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.