வீட்டாரை விலக்கிய பஞ்சாயத்து

அமெரிக்கக் கண்டத்து நாடுகள் எல்லாம் ஒரே குடும்பமாம். அந்தக் குடும்பம் கூடிப் பேச உச்சி மாநாடாம். ஆனால் பந்தியில் யார் உட்காரலாம், யார் வாசலோடு திரும்ப வேண்டும் என்பதை வாஷிங்டன் சொல்லுமாம்!

2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கூடினார்கள். கியூபா, நிகரகுவா, வெனிசுவேலா மூன்றுக்கும் அழைப்பில்லை. அங்கே ஜனநாயகம் இல்லை என்று காரணம் சொன்னது அமெரிக்கா. அந்நாட்டுச் சிறைகளில் எதிர்ப்பாளர்கள் அடைபட்டிருந்தது பொய்யல்ல. அதை மறைக்கும் வேலை நமக்கு வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறோம். 1962-ல் கியூபாவை வெளியே தள்ளிய அமெரிக்க நாடுகள் அமைப்பு, 1976-ல் தன் பொதுச்சபையை எங்கே கூட்டியது? சிலியின் சாந்தியாகோவில்; மக்கள் தேர்ந்தெடுத்த அலெண்டேயின் ஆட்சியை ராணுவத்தால் கவிழ்த்த பினோசெட்டின் தலைநகரில்! அன்று இந்த ஜனநாயகம் எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது?

எல்லோரையும் அழைக்காத இடத்துக்கு நானும் வரமாட்டேன் என்று மெக்சிகோ அதிபர் லோபஸ் ஒப்ரடோர் நின்றுவிட்டார். குவாதமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் அதிபர்களும் போகவில்லை.

அப்படிப்பட்ட மாநாடு பெரிய சாதனையாகக் காட்டியது எதை? குடிபெயர்வோர் பற்றிய பிரகடனத்தை! 20 நாடுகள் ஒப்புக்கொண்டனவாம். வடக்கே பிழைப்புத் தேடி நடப்பவர்கள் யார் பிள்ளைகள்? கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே டாரியன் காட்டில், சேற்றிலும் ஆற்றிலும் கைக்குழந்தையோடு போகிறவர்கள் யார்? வெனிசுவேலாவிலிருந்து மட்டும் அதற்குள் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வெளியேறியிருந்தனர். கியூபாவிலிருந்தும் நிகரகுவாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டனர். ஊரை விட்டு ரயிலேறி வந்த நமக்குத் தெரியாதா? போனவனைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவன் ஊராரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இங்கோ ஊராருக்குக் கதவடைப்பு!

இவர்கள் ஊரை விட்டதற்குச் சொந்த ஆட்சியாளரின் கேடும் உண்டு. ஆனால் கியூபாவின் மீது 1962-லேயே வணிகத் தடை போட்டது யார்? 2019-ல் வெனிசுவேலாவின் எண்ணெய் விற்பனையை முடக்கியது யார்? அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பசியோடு வந்தவனைக் குற்றவாளி என்பதா?

அமெரிக்காவும் கனடாவும் இல்லாமலே 2011 டிசம்பரில் காரகாசில் 33 நாடுகள் கூடி 'செலாக்' என்ற சொந்த அமைப்பைத் தொடங்கின. அதிலும் பூசல் உண்டு. 2020-ல் ஒதுங்கிய பிரேசில் 2023-ல்தான் திரும்பியது. ஆனாலும் 2014-ல் அதன் மாநாடு ஹவானாவிலேயே நடந்தது.

வாஷிங்டனின் பந்தி என்ன ஆனது? 2025 டிசம்பரில் டொமினிக்கன் குடியரசின் புண்டா கானாவில் அடுத்த மாநாடு என்றார்கள். அதே மூன்று நாடுகளுக்கு மீண்டும் அழைப்பில்லை. ஒரு மாதம் இருக்கையில், நாடுகளுக்குள் கருத்து வேறுபாடு என்று மாநாட்டையே தள்ளிவைத்துவிட்டார்கள்.